மண்பெட்டியில் ஈரம்

மண் காய்ந்திருக்கிறது. நல்லதாகப் போயிற்று, இன்றைக்கு ஒரு வேலை மிச்சம்.

வாய்விட்டுச் சொல்லவில்லை. குளியலறை மூலையில் இருந்த பூனையின் மண்பெட்டிக்கு முன்னால் குந்தியபடி, சல்லடைக் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு, மனசுக்குள் அப்படி நினைத்தாள். நினைத்துவிட்டுக் கரண்டியை ஆணியில் மாட்டினாள். மற்ற நாட்களில் அந்தப் பெட்டியில் ஈரம் பட்டு இறுகிய மண்கட்டிகள் உருளைக்கிழங்கு போலக் கிடக்கும். அவற்றை அள்ளிப் பையில் கட்டி, புது மண் தூவி, கை கழுவி நிமிர்வதற்குள் பேருந்து போய்விடும். அன்றைக்கு ஒரு கட்டியும் இல்லை. மேல்மண் மட்டும் அங்கும் இங்கும் பிராண்டிக் கிடந்தது.

அவளுக்கு வேலை ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில். பெயர்தான் ரத்தம், அவள் மேசைக்கு வருவதில் பெரும்பாலும் சிறுநீர்தான். குப்பியைக் குலுக்கி, நிறம் பார்த்து, சுழற்றி, அடியில் தங்குவதைக் கண்ணாடிச் சில்லில் வைத்து மைக்ராஸ்கோப்பில் பார்ப்பாள். "ஊரார் மூத்திரத்த நாள் பூரா பாத்துட்டு வந்து, வீட்டுலயும் அதே வேலை. நல்ல ஜாதகம்டி உனக்கு" என்று கணவன் கேலி செய்வான். அதனாலோ என்னவோ, வீட்டு மண்பெட்டியை அவள் ஊன்றிப் பார்ப்பதில்லை. அள்ளுவாள், அவ்வளவுதான்.

பூனைக்குப் பெயர் மேனேஜர். பருத்த ஆண் பூனை. சாம்பல் உடம்பு, கழுத்துக்குக் கீழே டை கட்டியதுபோல வெள்ளைப் பட்டை. யார் பையோடு வந்தாலும் பைக்குள் தலையை விட்டுச் சோதிப்பான். பீரோ திறந்தால் முதல் ஆளாக உள்ளே நுழைவான். மற்ற நேரமெல்லாம் தூக்கம். பெயர் வைத்தது மாமா, கணவனின் அப்பா. மாமா இறந்து ஒரு வருஷம் ஆகப்போகிறது. இப்போது மேனேஜர் அத்தையின் பூனை. மாமியாரை அவள் அத்தை என்றுதான் கூப்பிடுவாள்.

செருப்பை மாட்டும்போது அத்தையின் குரல் உள்ளேயிருந்து வந்தது.

"கண்ணு, இவனுக்கு மலச்சிக்கல் போலிருக்கு. காலையிலேர்ந்து பெட்டிக்குப் போறான், உக்காந்து முக்குறான், வர்றான். மறுபடி போறான்."

"நேத்து என்ன குடுத்தீங்க அத்தை?"

"நான் என்னத்தக் குடுத்தேன், வழக்கமா குடுக்கற பிஸ்கட்டுதான். கொஞ்சம் எண்ணெய் குடுத்துப் பாக்கவா?"

"சரி அத்தை. ஒரு சொட்டு குடுங்க."

'சரி' அவள் வாயில் மூச்சுபோல வந்துவிடும். கல்யாணமாகி வந்த புதிதில், "இல்லைன்னு சொல்லத் தெரியாத பொண்ணு" என்று உறவுக்காரர்கள் புகழ்ந்தார்கள். அந்தப் புகழைக் கழுத்துச் சங்கிலிபோல அவள் கழற்றாமல் போட்டுக்கொண்டிருந்தாள். வேலையிடத்தில் யாருக்கு லீவு வேண்டுமோ அவர்கள் வேலை அவள் தலையில் விழும். அது நல்ல குணமா, பயமா என்று அவளுக்கே சந்தேகம் வந்ததுண்டு. வந்த சந்தேகத்தை ஓர் ஓரமாக வைத்துவிட்டு அடுத்த சரியைச் சொல்லிவிடுவாள்.

அன்று பரிசோதனை நிலையத்தில் ஒரு பெரியவர் காலிக் குப்பியோடு அவள் ஜன்னலுக்கு முன்னால் வந்து நின்றார். முகமெல்லாம் வேர்வை.

"வரலைம்மா. காலையிலேர்ந்து முக்கிப் பாத்துட்டேன். வயிறு கல்லு மாதிரி இருக்கு, ஒரு சொட்டு வர மாட்டேங்குது. குழாய்த் தண்ணி பிடிச்சுக் குடுத்தா கண்டுபிடிச்சிருவீங்களா?"

பக்கத்து மேசையிலிருந்த சிநேகிதி களுக்கென்று சிரித்தாள். ஓயாமல் பேசுவதால் அவளுக்கு அங்கே ரேடியோ என்று பெயர். அவள் சிரித்த சிரிப்பு முடிவதற்குள் இவள் எழுந்துவிட்டாள்.

"ஐயா, குப்பியக் குடுத்துட்டு நேரா டாக்டர்ட்ட போங்க. இப்பவே. வரலைன்னா காத்திருக்கக் கூடாது. அது ஆபத்து."

சொல்லி முடித்த பிறகுதான் காலையில் அத்தை சொன்ன சொல் அவள் காதில் விழுந்தது. முக்குறான். போறான், உக்காந்து முக்குறான், வர்றான். காலையில் பார்த்த காய்ந்த மண் கண்ணுக்கு முன்னால் வந்தது.

வீட்டுக்கு போன் செய்தாள்.

"அத்தை, மேனேஜர் என்ன பண்றான்?"

"அவனா? பெட்டிக்குள்ள உக்காந்து தவம் பண்றான். எண்ணெய வாயில விட்டேன், அப்படியே வாந்தி எடுத்துட்டான். இப்ப கால விரிச்சுக்கிட்டு ஒரே நக்கல். நாக்கு தேஞ்சு போகாதா இவனுக்கு?"

"அடிவயித்தத் தொட்டுப் பாருங்க. மெதுவா."

போனைக் கீழே வைக்கிற சத்தம். பிறகு பூனையின் குரல் கேட்டது. பூனைக் குரல் போலவே இல்லை.

"உருண்டையா கெட்டியா இருக்கும்மா. தொட்டா அலர்றான். ஏம்மா, என்னாச்சு?"

பையை எடுத்துக்கொண்டு கிளம்பியவளை ரேடியோ மறித்தாள். "ஏய், என் சாம்பிளையும் நீ பாக்கறேன்னு ஒத்துக்கிட்டியே!"

அவள் நிற்காமல் படியிறங்கினாள். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒருத்தருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு போகிறோம் என்பது பாதி வழியில்தான் அவளுக்கு உறைத்தது.

கால்நடை டாக்டரம்மா பூனையின் அடிவயிற்றில் இரண்டு விரலை வைத்தாள். வைத்ததும் உதவியாளரைப் பார்த்தாள். அந்தப் பார்வையே போதுமாயிருந்தது.

"மலச்சிக்கல் இல்லை. மூத்திரம் அடைச்சிருக்கு. எப்ப கடைசியாப் போனான்?"

"நேத்து... நேத்து போயிருப்பான். இன்னிக்குக் காலையில மண்ணு காஞ்சிருந்தது."

"காஞ்சிருந்ததப் பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"நீங்க என்ன வேலை பாக்கறீங்க?"

அவள் சொன்னாள். டாக்டரம்மா மயக்க ஊசியை எடுக்கத் திரும்பிவிட்டாள். ஏதாவது சொல்லியிருந்தால் தேவலை என்று இருந்தது.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது அவள் தன்னையே விசாரித்துக்கொண்டிருந்தாள். காய்ந்த மண்ணைப் பார்த்தாய், சந்தோஷப்பட்டாய். தொல்லை இல்லாத பூனை, தொல்லை இல்லாத மாமியார், தொல்லை இல்லாத மருமகள். எதுவும் கேட்காதவரை எல்லாம் நன்றாக இருக்கிறது என்று நம்புகிற ஜாதி நீ. ஓர் உயிருக்குள் தண்ணீர் தேங்கித் தேங்கி விஷமாகிக்கொண்டிருந்தபோது, இன்றைக்கு ஒரு வேலை மிச்சம் என்று நினைத்தாய்.

குழாய் விட்டு அடைப்பை நீக்கிக் கழுவி, பூனையைக் கூண்டில் படுக்க வைத்துச் டிரிப்ஸ் ஏற்றினார்கள். டாக்டரம்மா கையைத் துடைத்துக்கொண்டே வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"பிழைச்சுட்டான். இன்னும் ஒரு நாள் போயிருந்தா நான் இந்த வார்த்தைய சொல்லியிருக்க மாட்டேன். ரெண்டு மூணு நாள் இங்க இருக்கட்டும். ஆண் பூனைக்கு வழி நூல் மாதிரி, பொடி மணல் சேந்தாலே அடைச்சுக்கும். என்ன சாப்பிடறான்?"

"பிஸ்கட்டு மாதிரி காஞ்ச தீனி. அது மட்டும்தான். அதனாலதான் வந்துச்சா?"

"அத மட்டும் குத்தம் சொல்ல மாட்டேன். அதையே தின்னுட்டு நல்லா இருக்கற பூனையும் இருக்கு. இவன் குண்டு, வீட்டுக்குள்ளயே கிடக்கறான், தண்ணி குடிக்கறதில்லை. வீட்டுல ஏதாவது பெரிய மாற்றம் நடந்துச்சா?"

"மாமனார் தவறிட்டாரு."

"ம். அதையும் பூனை உடம்புல வாங்கிக்கும்." டாக்டரம்மா தரையைப் பார்த்தாள். "அதுக்கெல்லாம் நம்மகிட்ட மருந்து இல்லை. தண்ணி நம்ம கையில இருக்கு. பூனை கிண்ணத்தத் தேடிப் போய்க் குடிக்கற பிராணி இல்லை, சாப்பாட்டோட சேத்துதான் தண்ணி உள்ள போகணும். நான் சொல்ற ஈரத்தீனிய மட்டும் குடுங்க. அது இருக்கற மணலக் கரைக்கும், புதுசா சேர விடாது. கூட வேற எதுவும் போகக் கூடாது. ஒண்ணுதானேன்னுதான் எல்லாரும் ஆரம்பிப்பாங்க."

"மறுபடி அடைச்சா?"

"மறுபடி திறந்து விடலாம். ஒவ்வொரு தடவையும் சிறுநீரகம் அடி வாங்கும். எத்தனை அடி தாங்கும்னு எனக்குத் தெரியாது."

மேனேஜர் வீடு திரும்பியபோது முன்னங்காலில் ஒரு பட்டை முடி மழித்திருந்தது. அத்தை அந்த இடத்தைத் தடவித் தடவிப் பார்த்தாள். பிறகு வழக்கம்போலக் கை கட்டிலுக்கு அடியில் போயிற்று, தகர டப்பாவுக்காக.

அது மாமாவின் டப்பா. ஒரு காலத்தில் திருகாணிகள் போட்டு வைத்திருந்தார். பூனை வந்ததும் ஆணிகளைக் கொட்டிவிட்டுப் பூனைப் பிஸ்கட்டை நிரப்பினார். ஒரு குலுக்கு குலுக்கினால் மேனேஜர் எந்த அறையில் இருந்தாலும் வாலை நிமிர்த்திக்கொண்டு வந்து நிற்பான். மாமா போன பிறகு அத்தை வீட்டில் யாரோடும் அதிகம் பேசவில்லை. டிவி போடவில்லை, அக்கம்பக்கம் போகவில்லை. ஆனால் நாளில் பல தடவை அந்த டப்பா மட்டும் குலுங்கும். பூனை கரகரவென்று மெல்லுவதை அத்தை காதைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருப்பாள்.

"அத்தை, டப்பா இல்லை. நான் எடுத்து வெச்சுட்டேன்."

"எடுத்து வெச்சியா? எங்க?"

"டாக்டர் சொன்னாங்க அத்தை, இனிமே பிஸ்கட்டு ஆகாது. கூழ் மாதிரி ஒண்ணு இருக்கு, அதுதான்."

"சரி, பிஸ்கட்டு வேணாம். டப்பா என்ன பண்ணுச்சு?"

"சத்தம் கேட்டா வருவான். வந்தா எதிர்பார்ப்பான்."

அத்தை கட்டிலுக்கு அடியிலிருந்து கையை எடுத்தாள். "ஆமா. எதிர்பாக்கறவங்களத்தான் இந்த வீட்டுல யாருக்கும் பிடிக்காதே" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

அந்தப் பேச்சு தன்னைக் குத்துவதற்காக வந்ததில்லை என்று அவளுக்குத் தெரியும். மாமாவுக்குக் கடைசி மாதங்களில் உப்பு கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். சமையலறைக்குக் காவல் நின்றது அத்தைதான். உப்பு ஜாடியைத் தன் அறையிலேயே வைத்துக்கொண்டாள். "நாக்கு செத்துப்போச்சுடி. ஒரு சிட்டிகை போடேன்" என்று மாமா கெஞ்சுவார். வேகவைத்த காயை வெறுமனே மென்று மென்று அவருடைய தாடைகூட இளைத்துப்போயிற்று. ஒருநாள் சாயங்காலம் அவர் கேட்டார், அத்தை முடியாது என்றாள். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மறுநாள் காலையில் அவர் எழுந்திருக்கவில்லை. அதைப் பற்றி அத்தை யாரிடமும் பேசியதில்லை. உப்பு ஜாடி மட்டும் திரும்பிச் சமையலறைக்கு வந்தது.

கூழை மேனேஜர் முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. தட்டைச் சுற்றித் தரையைப் பிராண்டினான், மண்பெட்டியில் மூடுவதுபோல.

"பாரு, அவன் அதை என்னன்னு நினைக்கறான்னு சொல்லிட்டான்" என்றான் கணவன்.

"சிரிக்காதீங்க."

"சிரிக்கலை. வீட்டுல ஒரு பூனை உண்ணாவிரதம், ஒரு அம்மா மௌனவிரதம். நடுவுல நான் என்ன விரதம் இருக்கறதுன்னு யோசிக்கறேன்."

பூனையை அதிக நேரம் பட்டினி போடவும் கூடாது. அதனால் அவள் கூழைக் கொஞ்சம் சூடாக்கினாள். வெந்நீர் கலந்து குழைத்தாள். விரலில் எடுத்து அவன் மீசைக்குக் கீழே தடவினாள். அவன் அருவருப்போடு நக்கிவிட்டு ஓடினான். மறுபடி தடவினாள். தரையில் உட்கார்ந்தே இருந்ததில் முழங்கால் மரத்துப்போயிற்று. அவளைக் கண்டாலே பீரோவுக்கு மேலே ஏறிக்கொள்ளும் நிலைக்கு வந்தான். முன்பெல்லாம் அவள் வேலையிலிருந்து வந்தால் பையைச் சோதிக்கவாவது வருவான். இப்போது அதுவும் இல்லை.

அவளுக்கு அது வலித்தது. ஒரு பூனைக்குப் பிடிக்காமல் போனால் இப்படி வலிக்குமா என்று ஆச்சரியமாகவும் இருந்தது. எல்லாருக்கும் பிடித்தவளாக இருந்து பழகிய உடம்பு. ஒரு சின்னப் பிராணி முகத்தைத் திருப்பிக்கொண்டால்கூட எங்கோ தப்பு செய்துவிட்டதுபோல நெஞ்சு அடித்துக்கொள்கிறது. அத்தை எப்படித் தாங்கினாள் என்று நினைத்தாள். முப்பது வருஷத்துக்கு மேல் கூட வாழ்ந்த மனிதர் முகத்தைத் திருப்பிக்கொண்டதை.

ஒருநாள் மேனேஜர் தட்டைக் காலி செய்தான். எந்தப் பெருமிதமும் இல்லாமல், வேறு வழியில்லாத ஊழியன் கையெழுத்துப் போடுவதுபோலச் சாப்பிட்டான். மறுநாள் மண்பெட்டியில் பெரிய பெரிய கட்டிகள். அவள் ஒன்றைக் கரண்டியில் ஏந்திக் கனம் பார்த்தாள்.

"என்னங்க, இங்க வாங்களேன். எவ்வளவு பெருசு பாருங்க!"

பல் துலக்கிக்கொண்டிருந்த கணவன் எட்டிப் பார்த்துவிட்டு நுரையோடு சொன்னான்: "கல்யாணத்தன்னிக்குக்கூட உன் முகத்துல இவ்வளவு சந்தோஷத்தப் பாக்கலைடி."

வீடு கொஞ்சம் சகஜமாயிற்று. அத்தை சுவரைப் பார்ப்பதை விட்டாள், ஓரிரு வார்த்தை பேசினாள். "நீ வேலைக்குப் போ, நான் அவன் தட்டக் கழுவி வெக்கறேன்" என்றுகூடச் சொன்னாள். அவளுக்கு மனசு லேசாயிற்று. அப்பாடா என்று இருந்தது. அந்த அப்பாடாவை அவள் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

ஏனென்றால் சில வாரங்களில் மண்கட்டிகள் மறுபடி சிறுத்தன. பெரிய கட்டிகள் போய், கோலிகள் போல உதிரி உதிரியாக வர ஆரம்பித்தன. அவள் இப்போது ஊன்றிப் பார்க்கிறவள். அறுந்துபோன பாசிமாலை ஒன்று இழுப்பறையில் கிடந்தது. மணிகளைக் கொதிநீரில் கழுவிக் காயவைத்து, மண்ணைக் கொட்டிவிட்டு வெறும் பெட்டியில் அவற்றைப் பரப்பி வைத்தாள். மேனேஜர் உள்ளே இறங்கி, காலை உதறி, இது என்ன அநியாயம் என்பதுபோல அவளைப் பார்த்தான். பிறகு வேறு வழியில்லாமல் உட்கார்ந்தான். மணிகள் ஈரத்தை உறிஞ்சவில்லை. அடியில் தேங்கிய மூத்திரத்தை அவள் ஊசிக்குழலில் இழுத்துக் குப்பியில் அடைத்து, மார்போடு அணைத்துக்கொண்டு பரிசோதனை நிலையத்துக்கு ஓடினாள். வெகுநேரம் வைத்திருந்து ஆறிப்போனால் உடம்பில் இல்லாத மணல்கூடக் குப்பியில் உருவாகிப் பொய் சொல்லும்.

"இது யாரோடது? பேரே எழுதலை" என்றாள் ரேடியோ.

"மேனேஜரோடது."

ரேடியோ நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்துவிட்டாள். "நம்ம மேனேஜரா? அடிப்பாவி, அந்த ஆளுக்கு என்ன வியாதி? அதான் மூஞ்சிய எப்பவும் அப்படி வெச்சிருக்காரா?"

"எங்க வீட்டுப் பூனை."

"அட போ" என்று ரேடியோ ஏமாற்றத்தோடு நாற்காலியைத் திருப்பிக்கொண்டு போனாள்.

அவள் கண்ணை லென்ஸில் வைத்தாள். வெளிச்ச வட்டத்துக்குள் கண்ணாடித் துண்டுகள்போல மணல் படிகங்கள் மிதந்தன. நிறமில்லாத, விளிம்பு தீட்டிய, சின்னச் சின்னச் சவப்பெட்டி மூடிகள். படிக்கிற காலத்தில் அவற்றை அடையாளம் காண்பதற்கு எல்லாரும் சொல்லிக்கொண்ட உவமை அதுதான், சொல்லிச் சிரித்ததும் உண்டு. அழகான பொருட்கள். மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் நகைக்கடைத் தட்டுபோல இருக்கும். வட்டத்தை நகர்த்தினாள். அங்கேயும் இருந்தன. நிறைய இருந்தன.

கூழ் தப்பு செய்யவில்லை. கூழோடு கூட ஏதோ போகிறது.

யார் என்று யோசிக்க வேண்டியிருக்கவில்லை. எப்படி என்பதுதான் தெரியவில்லை. டப்பா அவளுடைய பீரோவுக்குள் இருந்தது.

அன்று சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்தபோது கணவன் கூடத்தில் சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தான். அத்தையின் அறைக்கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளேயிருந்து ஒரு சின்னச் சத்தம் வந்தது. கலகல. டப்பாவின் சத்தம் இல்லை, அதைவிட மெல்லியது. மேனேஜர் அவளுக்கு முன்னால் குறுக்கே பாய்ந்து, வாலை நிமிர்த்திக்கொண்டு அந்த அறைக்குள் போனான்.

அவள் கணவனைப் பார்த்தாள். அவன் ஊசியைப் பார்த்தான்.

"உங்களுக்குத் தெரியுமா?"

"என்கிட்ட வாங்கிட்டு வரச் சொன்னாங்க. ஒரு சின்னப் பொட்டலம்தான்... அம்மா கேட்டா நான் என்ன சொல்றது?"

அவள் கதவைத் தள்ளினாள். அத்தை கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். கையில் மூக்குக் கண்ணாடிக் கூடு. கண்ணாடி தலையணைமேல் கிடந்தது. கூட்டுக்குள் பழுப்பு நிறத்தில் உருண்டை உருண்டையாகப் பிஸ்கட்டுகள். கையும் களவுமாகப் பிடிபட்டவள்போல அத்தை கூட்டை மூடப் பார்த்தாள். மூடிய வேகத்தில் ஒன்று தெறித்துத் தரையில் விழுந்தது. மேனேஜர் குனிவதற்குள் அவள் குனிந்து அதை எடுத்துவிட்டாள்.

"அத்தை, இன்னிக்கு அவனோடத லேப்ல பாத்தேன். மறுபடியும் மணல் சேந்திருக்கு."

பூனை அத்தையின் காலில் உடம்பைத் தேய்த்து, தலையைத் தூக்கி, வாயைத் திறந்து சத்தமில்லாமல் கேட்டது.

"பாத்தியா? கேக்கறான்" என்றாள் அத்தை. குரல் கரகரத்தது. "எனக்கும் தெரியும்மா அவனுக்கு ஆகாதுன்னு. நான் என்ன கல்லா? ஆனா வந்து நின்னு இப்படிப் பாக்கறான். அவரும் இப்படித்தான் பாத்தாரு. ஆகாது, முடியாதுன்னு சொல்லிச் சொல்லி நான் என்னத்தக் கண்டேன்? குடுக்காம இருந்ததால ஒரு நாள் கூட இருந்தாரா? வாயில ருசியில்லாமப் போனாரு, அவ்வளவுதான். இன்னொரு தடவை அந்த வார்த்தைய என் வாயால சொல்ல முடியாதும்மா."

"நீங்க சொல்ல வேணாம் அத்தை."

"அப்ப நீ குடு." அத்தை கூட்டைத் திறந்து அவள் பக்கம் நீட்டினாள். "நான் இனிமே குடுக்கலை. சத்தியமா. இன்னிக்கு மட்டும், உன் கையால, ஒண்ணே ஒண்ணு குடு. நீ படிச்சவ, எல்லாம் பாத்தவ. நீ குடுத்துட்டா என் மனசு ஆறிடும்."

கணவன் வாசற்படியில் வந்து நின்றான். "குடுத்துடேன். ஒண்ணுதானே. அம்மா முகத்தப் பாரு."

அவள் பார்த்தாள். அத்தை கேட்பது பூனைக்காக இல்லை என்று அவளுக்குப் புரிந்தது. இங்கே ஒன்று கொடுத்துவிட்டால், அன்றைக்கும் ஒரு சிட்டிகை கொடுத்திருக்கலாம் என்று தீர்ப்பாகிவிடும். தீர்ப்பு எதுவானாலும் போதும் என்ற களைப்பு அத்தையின் முகத்தில் இருந்தது. நீங்கள் அன்றைக்குச் செய்ததும் ஆசையால்தான் அத்தை, சாகக் கூடாது என்ற ஆசை, என்று சொல்லலாம். சொன்னால் அது ஆறுதலாகவும் இருக்காது, பதிலாகவும் இருக்காது. நாக்கு நுனியில் 'சரி' வந்து நின்றது. எத்தனை சுலபமான சொல். சொல்லிவிட்டால் அறையில் மூன்று முகங்களும் மலர்ந்துவிடும், பூனையின் முகத்தையும் சேர்த்து.

அந்தச் சொல்லை விழுங்கிக்கொண்டாள்.

கட்டிலில் அத்தையின் பக்கத்தில் உட்கார்ந்தாள். கூட்டை வாங்கி, பிஸ்கட்டுகளைத் தன் கைக்குட்டையில் கொட்டி முடிச்சுப் போட்டாள். தலையணைமேல் கிடந்த மூக்குக் கண்ணாடியை எடுத்துப் புடவை முனையால் இரண்டு பக்கமும் துடைத்தாள். கூட்டுக்குள் வைத்து மூடி, அத்தையின் மடியில் வைத்தாள். அத்தையின் கை கூட்டின் மேல் விழுந்தது. அந்தக் கையின்மேல் அவள் தன் கையை வைத்தாள். அத்தை தட்டிவிடவில்லை, பிடித்துக்கொள்ளவும் இல்லை.

"என்னடி" என்றான் கணவன் தணிந்த குரலில்.

அவளுடைய மற்றொரு கை மூடியே இருந்தது, தரையிலிருந்து எடுத்த அந்த ஒன்றோடு. மேனேஜர் அதை விட்டு வைக்கவில்லை. அத்தையின் காலை விட்டு நகர்ந்து, இத்தனை வாரத்துக்குப் பிறகு முதல் தடவையாகத் தானாகவே அவளிடம் வந்தான். முன்னங்கால்களை அவள் முழங்காலில் ஊன்றி எழுந்து, மூடிய கைமேல் ஈர மூக்கை வைத்தான். விரலிடுக்கில் நக்கினான். சொரசொரப்பான, வெதுவெதுப்பான நாக்கு.

"இல்லடா" என்றாள் அவள், மெல்லிய குரலில். பிறகு நிமிர்ந்து, அதே குரலில், "இல்ல அத்தை" என்றாள்.